முள்செடிக்கு ஒரு பிரிவு, முள்கம்பிக்கு வேறு பிரிவு

இங்கிலாந்தில் வயல்வெளிப் பொதுப் பாதை அடைபட்டால் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: கவுன்சில் இணையதளத்தில் ஒரு புகார், பதில் வராவிட்டால் கோபமாக இன்னொன்று, அப்புறம் நேராக ஆம்புட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அதிகாரி). வருஷம் ஓடிவிடும், முள் அங்கேயே இருக்கும். ஆம்புட்ஸ்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முதலில் எடுப்பதுதான் தப்பு. பாதையைத் திறக்க வைக்கும் வழி 1980ஆம் ஆண்டின் ஹைவேஸ் சட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தொடாமல் புகார் மேல் புகார் எழுதுவது கவுன்சிலுக்குத்தான் வசதி.

‘நடைபாதை’ என்றால் நமக்குத் தெருவோர பிளாட்பாரம்தான் ஞாபகம் வரும். இங்கே ஃபுட்பாத் என்பது தனியார் நிலத்தின் குறுக்கே ஊருக்கே உள்ள நடக்கும் உரிமை. நம் பத்திரங்களில் ‘நடைபாதைப் பாத்தியம்’ என்று எழுதுவார்களே, அதைப் பொதுமக்கள் எல்லோருக்கும் விரித்தது போல. பிரைடில்வே என்றால் நடையோடு குதிரையும் போகலாம், 1968 சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும்.

புகார் தடம் மாறும் முதல் இடம் முகவரி. இந்தப் பாதைகளுக்குப் பொறுப்பு கவுண்டி கவுன்சில், அல்லது கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் வேலை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் யூனிட்டரி கவுன்சில். குப்பை அள்ளும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். இரண்டாவது, வரைபடம். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 மேப்பில் பச்சைக் கோடு கண்டால் போதாது. கவுன்சில் வைத்திருக்கும் டெஃபினிட்டிவ் மேப்தான் சட்டப்படி முடிவான சான்று. அதைப் பார்த்து பாரிஷ் (ஊர் அளவிலான சிறு நிர்வாகப் பகுதி) பெயரையும் பாதை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘சர்ச்சுக்குப் பின்னால் போகும் பாதை’ என்று எழுதினால் அலுவலர் தேடிக்கொண்டே இருப்பார். பாதை எண், கிரிட் ரெஃபரன்ஸ் (மேப்பில் இடத்தைக் காட்டும் குறியீடு), தேதி, அளவு டேப்பைக் குறுக்கே வைத்து எடுத்த படம், இந்த நான்கும் வேண்டும்.

டேப் எதற்கு? உழவு, பயிர் சம்பந்தமான தகராறுகளில் அகலம்தான் எல்லாம். டெஃபினிட்டிவ் மேப்போடு சேர்ந்த எழுத்து விவரமான டெஃபினிட்டிவ் ஸ்டேட்மென்ட்டில் அகலம் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. இல்லையென்றால் வயலின் குறுக்கே போகும் ஃபுட்பாத்துக்குக் குறைந்தது 1 மீட்டர், பிரைடில்வேக்கு 2 மீட்டர். வயலோரமாகப் போவதற்கு முறையே 1.5, 3 மீட்டர். வயலோரப் பாதையை உழவே கூடாது. குறுக்குப் பாதையை வேறு வழியில்லாவிட்டால் உழலாம், ஆனால் 14 நாளுக்குள் பழையபடி நடக்கும்படி செய்து தரவேண்டும். அதே பயிருக்காக மறுபடி கிளறினால் 24 மணி நேரம்தான். உழுத மறுநாளே கொதித்துப்போய் எழுதும் புகார் வீண். 15ஆம் நாள் காலையில் போய்ப் படம் எடுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1975இல் ஹெரஃபோர்ட் அண்ட் வூஸ்டர் கவுண்டி கவுன்சில் மீதான நியூமன் வழக்கு அப்பீல் கோர்ட்டுக்குப் போனது. பாதையின் தரையிலேயே முள்வேலிச் செடி வேர்விட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. முள்கம்பியும் குறுக்கே கட்டியிருந்தது. தரையில் முளைத்த செடி ‘பழுது’, கம்பி பழுதல்ல, ‘தடை’ என்றது கோர்ட். நடப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், காலில் குத்தும். சட்டத்துக்கு இரண்டும் வேறு. வேறு நோட்டீஸ், வேறு கெடு. ‘பாதை மோசமாக இருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும்போது நாம் இந்த வித்தியாசத்தைத் தாரை வார்த்துவிடுகிறோம்.

பழுது என்றால் ஹைவேஸ் சட்டத்தின் 56ஆம் பிரிவு. தரையில் முளைத்த புதர், இடிந்த பாலம், அரித்துப்போன தரை எல்லாம் இதில் வரும். நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள், அது பொதுப் பாதைதான், பராமரிப்பது தன் பொறுப்புதான் என்று கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் 6 மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் கிரவுன் கோர்ட். தடை என்றால் 130ஏ பிரிவு. பூட்டிய கேட், குறுக்கு வேலி, கொட்டிய மண், பக்கத்து வேலியிலிருந்து சாய்ந்து மறைக்கும் கிளை இதில் அடங்கும். (கவனியுங்கள்: செடி பாதையில் வேர்விட்டால் பழுது, பக்கத்திலிருந்து தொங்கினால் தடை!) இதற்கு அரசு வகுத்த படிவம் உண்டு, கடிதம் எழுதினால் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கவுன்சில், தடைக்குப் பொறுப்பானவருக்குத் தகவல் கொடுத்து, தான் என்ன செய்யப்போகிறது என்று உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதம் கழிந்தும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். ஆனால் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. பாதைமேல் கட்டிய கட்டடத்துக்கும் மனிதர் குடியிருக்கும் கேரவனுக்கும் இந்தப் பிரிவு செல்லாது.

நோட்டீஸுக்குச் செலவு தபால்காசுதான். கோர்ட் செலவு வேறு விஷயம், தோற்றால் தலையில் விழலாம். ஆனாலும் பல தகராறுகள் கோர்ட் வாசல் வரை போவதில்லை. கெடு ஓட ஆரம்பித்ததும் ஃபைல் மேலே வந்துவிடுகிறது.

கவுன்சில்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தடையை அகற்றுவதற்குப் பதில் பாதையையே சுற்றிவிடப் பார்ப்பது. கிழக்கு சசெக்ஸில் ஃப்ரேம்ஃபீல்ட் 9ஆம் எண் பாதை பத்தாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. குறுக்கே கொட்டகை, கேட், முள்கம்பி, பழைய குளிர்பதனப் பெட்டிகள். கவுன்சில் பாதையைத் திருப்பிவிட முடிவெடுத்தது. பொதுப் பாதைகளுக்காகவும் திறந்தவெளிகளுக்காகவும் போராடும் ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டியின் பொதுச் செயலாளர் கேட் ஆஷ்புரூக் தொடுத்த வழக்கில் 2002இல் அப்பீல் கோர்ட் அந்த முடிவை ரத்து செய்தது. 2003 பிப்ரவரியில் பாதை திறந்தது.

அப்படியானால் ஆம்புட்ஸ்மன் எதற்கு? பாதை இருக்கிறதா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. கவுன்சில் நடந்துகொண்ட விதத்தில் பிழை உண்டா, அதனால் உங்களுக்குப் பாதிப்பு உண்டா, அவ்வளவுதான் பார்ப்பார். பணம் இல்லை, ஆள் இல்லை, அதனால் முக்கியத்துவப்படி வரிசை வைத்திருக்கிறோம் என்று கவுன்சில் சொன்னால் அது மட்டும் பிழையாகாது. வரிசையே வைக்காதது, தன் கெடுவைத் தானே மீறியது, நடவடிக்கை எடுக்காததற்குக் காரணம் பதிவு செய்யாதது, புகாரைத் தொலைத்தது, இவைதான் அங்கே எடுபடும். முதலில் கவுன்சிலின் சொந்தப் புகார் நடைமுறையை இறுதிக் கட்டம் வரை முடித்திருக்க வேண்டும். விஷயம் உங்களுக்குத் தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். கோர்ட்டுக்குப் போக நியாயமான வழி இருந்தது என்று சொல்லி அவர் கைவிரிக்கவும் கூடும். பாரிஷ் கவுன்சில் மேல் அவரிடம் போக முடியாது. மேப்பில் விட்டுப்போன பாதையைச் சேர்க்கக் கேட்டு 12 மாதமாகியும் முடிவில்லை என்றால், முடிவெடுக்கும்படி கவுன்சிலுக்கு உத்தரவிட அமைச்சரிடம் விண்ணப்பிக்கலாம், அதற்குத் தனி வழி உண்டு.

அவர் சொல்வது பரிந்துரைதான், கவுன்சில்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு மன்னிப்புக் கடிதம், சிறு தொகை, வேலையை முடிக்க ஒரு தேதி கிடைக்கலாம். பாதைக்கு உபயோகமானது அந்தத் தேதி ஒன்றுதான். ஆகவே என்ன தீர்வு வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘நீதி வேண்டும்’ என்று எழுதாதீர்கள். இன்ன பாரிஷ், இன்ன எண், இன்ன கிரிட் ரெஃபரன்ஸில் உள்ள பூட்டிய கேட் பற்றி, எந்த நாளுக்குள் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் வேண்டும் என்று எழுதுங்கள்.