பெட்டில நாலுன்னு போட்டிருக்கே

பாபு: செல்வி அக்கா, நம்ம பேண்டு பாட்டை ரெக்கார்ட் பண்ண இன்டர்ஃபேஸ் வந்தாச்சு. மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புற கருவி. நாலு இன்புட்! இனி உங்க டிரம்ஸுக்கே நாலு மைக் வைக்கலாம்.

செல்வி: மைக் கேபிள் சொருகுற ஓட்டை எத்தனை இருக்கு?

பாபு: முன்பக்கம் ரெண்டு. மிச்ச ரெண்டு பின்னாடி. அதுல மைக் கேபிள் நுழையல, அதனால கன்வர்ட்டர் ஆர்டர் போட்டுட்டேன்.

செல்வி: அது லைன் இன்புட்டுடா. கீபோர்டு மாதிரி ஏற்கெனவே சத்தமா வர்ற சாமானுக்கு. மைக்லருந்து வர்றது சில மில்லிவோல்ட். அதை 40, 50 டெசிபல் தூக்கிவிட ப்ரீஆம்ப்னு உள்ள ஒரு சர்க்யூட் வேணும். உன்கிட்ட இருக்கிற ப்ரீஆம்ப் ரெண்டே ரெண்டு.

பாபு: பெட்டில நாலுன்னு போட்டிருக்கே!

செல்வி: பெட்டில ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு சிரிக்குது. அதுவும் உள்ள இருந்துச்சா?

பாபு: சரி, ஒய் கேபிள் போட்டு ரெண்டு மைக்கை ஒரே ஓட்டைல விட்டா?

செல்வி: கலந்து உள்ள போனது அப்புறம் பிரிஞ்சு வராது. கால்ல அடிக்கிற கிக் டிரம்மைக் குறைச்சா, குச்சில அடிக்கிற ஸ்னேரும் கூடவே குறையும்.

பாபு: அப்போ ரெண்டு யூஎஸ்பி மைக்?

செல்வி: ஒவ்வொண்ணுக்கும் உள்ள வேகத்தைக் கணக்கு வைக்கிற தனித்தனி கிளாக். பாட்டு நீள நீள ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். அதுக்கு நம்ம பாஸ் கிட்டார்காரர் ஒருத்தர் போதாதா?

பாபு: ஆனா பெட்டில நாலுன்னு...

செல்வி: பெட்டியைத் தூக்கி வெளிய போடு. மிச்சப் பணத்துக்கு என்ன வாங்கினே?

பாபு: எனக்கு ஒரு கன்டென்சர் மைக். தங்கக் கலர்.

செல்வி: கன்டென்சர் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும். எல்லாரும் ஒண்ணா வாசிக்கும்போது அதை உன் வாய்க்கு முன்னாடி வச்சா, உன் பாட்டை விட என் டிரம்ஸ் சிம்பல் தட்டுதான் அதிகமா விழும்.

பாபு: அதுக்குத்தான் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிட்டேனே!

செல்வி: அது மேல் ஸ்தாயி எதிரொலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்ளோதான். கிக்கும் பாஸும் அந்த அட்டையைச் சட்டையே பண்ணாது. வெளிய போற சத்தமும் நிக்காது. 10 சென்டிமீட்டர் கனத்துல ராக்வுல், அதான் பாறைப் பஞ்சு, பேனல் செஞ்சு மூலைல வை, உள்ள கேக்கறதாவது தெளிவாகும்.

பாபு: டிரம்ஸ் தன்னாலயே சத்தம்தானேக்கா, அதுக்குப் போய் எதுக்கு மைக்?

செல்வி: சத்தம் போடறவங்களுக்கு மைக் வேணாம்னா முதல்ல உன்னோடதைத்தான் கழட்டணும். எல்லா பேண்டுலயும் இதே கதை. பாடறவன் மைக்குக்குத்தான் முதல் காசு. அஞ்சு பேர் வாசிச்சா ஒரே நேரத்துல எத்தனை மைக் வேணும்னு எவனும் எண்ண மாட்டான்.

பாபு: இப்ப என்ன பண்றது?

செல்வி: எல்லாரும் ஒண்ணா வாசிக்கணும்னா 8 ப்ரீஆம்ப் இருக்கிற இன்டர்ஃபேஸ். இல்லையா, ஒவ்வொருத்தரா எடுப்போம். முதல்ல டிரம்ஸ். கிக்குக்கு மேடை மைக் மாதிரி ஒரு டைனமிக் மைக், என் தலைக்கு மேல உன் தங்கம். கன்டென்சர்னா அதுக்குக் கரண்ட் குடுக்க இன்டர்ஃபேஸ்ல 48 வோல்ட் பட்டன் போடணும், மறந்துட்டு மைக் செத்துப்போச்சுன்னு அழாத. ரெண்டையும் சேர்த்துக் கேக்கும்போது கிக் மெலிஞ்சா, ஒரு டிராக்ல போலாரிட்டியைத் திருப்பிப் பாரு, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கு.

பாபு: லெவல்?

செல்வி: மீட்டர்ல உச்சமே மைனஸ் 10 டெசிபலைத் தாண்டக் கூடாது. 24 பிட்ல எடுத்தா சின்னதா விழுந்தாலும் அப்புறம் ஏத்திக்கலாம். சிவப்பு எரிஞ்சா திரும்ப வாசிக்கணும். நீ இல்ல, நான்.

பாபு: கிட்டார், பாஸ்?

செல்வி: பாஸை நேரா இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்ல சொருகு. கிட்டார் ஆம்புக்கு அதே டைனமிக் மைக், ஸ்பீக்கர் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில, ஆம்ப் முன்னாடி இருக்கிற துணியை ஒட்டி. நடுவுல வச்சா காதைக் குத்தும், ஓரத்துக்குப் போகப் போக மந்தமாகும். ஹெட்ஃபோன் மூடின மாடலா வாங்கு. திறந்த மாடல்னா தாளத்துக்காகக் காதுல ஓடுற கிளிக் சத்தம் கசிஞ்சு மைக்ல விழும். ஸ்டாண்டு வாங்கினியா?

பாபு: மைக்கோட வராதா?

செல்வி: வராது. கேபிளும் வராது.

பாபு: சரிக்கா... நான் எப்பப் பாடறது?

செல்வி: ரெண்டு தடவை. டிரம்ஸுக்கும் முன்னாடி வழிகாட்ட ஒரு கெய்டு டிராக், கடைசில நிஜமா. நான் வாசிக்கும்போது பாட்டு எங்க போகுதுன்னு காதுல கேக்கணுமில்ல? அதுக்கு உன் பழைய மேடை மைக் போதும்.

பாபு: ஏன், தங்க மைக்லயே பாடினா என்ன?

செல்வி: எல்லாம் எடுத்து முடிச்சதும் அந்த டிராக்கை அழிச்சிடுவோம்டா.

பாபு: அழிக்கிறதுக்கா பாடணும்?

செல்வி: ஆமா. அதனால சுருதி சேரலன்னா கவலையே படாத. எப்பவும் போலப் பாடு.