நோபல் பரிசும் 16 மணி நேரப் பட்டினியும்: உண்மை விளக்கம்

16 மணி நேரம் உண்ணாதிருந்தால் இளமை திரும்பும் என நிரூபித்ததற்காகவே ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்ததாகக் கோத்தகிரி, குன்னூர் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. செல், தன்னுள் பழுதான பாகங்களைச் சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்டோஃபேஜி என்னும் செயலை ஈஸ்டில் ஆராய்ந்து, அதற்குரிய மரபணுக்களைக் கண்டறிந்ததற்கே அப்பரிசு. மனிதர் எத்தனை மணி நேரம் பசித்திருக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. அமெரிக்காவில் 2 ஆண்டுகள் நடந்த வேறொரு ஆய்வில், உணவைச் சுமார் 12 விழுக்காடு குறைத்தவர்களிடம் மூப்பின் வேகம் 2 முதல் 3 விழுக்காடு தணிந்ததாக ஓர் அளவீடு காட்டியது. மற்ற அளவீடுகள் காட்டவில்லை, ஆயுள் நீண்டதா என்பதும் அளக்கப்படவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்க ஏறுவோருக்கு ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம் என்பதுதான் என் பெருங்கவலை. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் காலை உணவைக் கைவிட வேண்டாம்.