அரசே பார்த்துக்கொள்ளுமாம்!

குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாமா என்று நேற்று டிவியில் நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "குற்றம் அரசுக்கு எதிரானது. அப்பீல் போவதா வேண்டாமா என்று அரசு பார்த்துக்கொள்ளும். பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஹைகோர்ட்டுக்குக் கிளம்பினால் என்னாவது?" என்று அந்த மூத்த வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சார், 2009 டிசம்பர் 31 முதல் சட்டமே வேறு. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, விடுதலை செய்தாலோ, சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் அது 413. அதற்கு ஹைகோர்ட்டின் முன் அனுமதிகூட வேண்டாம் என்று 2018இல் கோடகாளி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் வீட்டுத் தயவிலும் நாங்கள் வரவில்லை.

அரசு பார்த்துக்கொண்ட லட்சணம் தெரியாதா? 2002 குஜராத் கலவரத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் பறிகொடுத்த பில்கிஸ் பானுவின் வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று வெளியே விட்டதே குஜராத் அரசுதான். முந்தைய தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி பில்கிஸ் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சீராய்வு மனு தள்ளுபடியானது. விடுதலையை எதிர்த்து நேரடியாக அங்கேயே ரிட் மனுவும் போட்டிருந்ததால்தான் 2024 ஜனவரியில் அந்த விடுதலை ரத்தானது. அவரும் 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்று வீட்டில் இருந்திருக்க வேண்டுமோ?

என் சித்தி மகன் கொலை வழக்கில் எதிரிகள் விடுதலையான செய்தி எங்களுக்கு டீக்கடையில்தான் கிடைத்தது. அரசு வக்கீலிடம் ஓடினோம். "அப்பீலுக்குத் தகுதி இல்லைன்னு ஒப்பீனியன் எழுதியாச்சும்மா" என்றார். தீர்ப்பு நகல் கேட்டுப் போன சித்தியிடம், "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். பையனோட அம்மா என்றார். "அப்போ சாட்சிதானே, வழக்குல கட்சிக்காரர் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 372 என்று ஒன்று இருப்பதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

'பழிவாங்கும் வெறி' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் வரலாம். பெற்ற பிள்ளையைக் கொன்றது யார் என்று கேட்பது வெறி என்றால் அந்த வெறி எங்களுக்கு உண்டு. வழக்குகள் தேங்கிவிடுமாம். தேங்கிக் கிடப்பதெல்லாம் சித்தி போட்ட கேஸா?

ஒருமுறை விடுதலையானவரை மறுபடி இழுக்கலாமா என்கிறீர்களா? சரி, அதில் நியாயம் உண்டு. கோடகாளி வழக்கிலேயே நீதிபதி தீபக் குப்தா, முன் அனுமதி வேண்டும் என்று மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். ஆனால் தள்ளுபடி செய்வதற்காவது எங்கள் மனுவைப் படிக்க வேண்டும் அல்லவா?

இன்னொன்று. தண்டனை குறைவு என்று பாதிக்கப்பட்டவர் இன்றைக்கும் அப்பீல் போக முடியாது. 2020இல் பர்விந்தர் கன்சல் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. அந்த உரிமை அரசுக்கு மட்டும். தண்டனை அதிகம் என்று குற்றவாளி தாராளமாகப் போகலாம். எங்கள் வழக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தண்டனை என்று ஒன்று இருந்தால்தானே, கூடுதலா குறைவா என்று பார்க்க.