பதின்மூன்று வயதில் என்ன தெரியும்?

2025 நவம்பர் 23, ஞாயிறு இரவு பத்து மணி. லண்டன் கால்பந்து கிளப்புகளான ஆர்சனலும் டாட்டன்ஹாமும் மோதிய ஆட்டம். எபெரெச்சி எஸே மூன்று கோல் போட்டார், ஆர்சனல் 4-1 என்று ஜெயித்தது. மூன்றாவது கோல் விழுந்தபோது நான் கைதட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன். இதே ஆர்சனல்தான் இதே எஸேயைப் பதின்மூன்று வயதில் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியது. ஒரு வாரம் அறைக்குள் அழுதுகொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று மூன்று கிளப்புகளிலும் நிலைக்கவில்லை. கியூ.பி.ஆர். என்ற கிளப் அவரை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து கிரிஸ்டல் பேலஸ் கிளப். 2025 மே மாதம் வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோலில் பேலஸுக்கு எஃப்.ஏ. கோப்பை, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. மூன்று மாதம் கழித்து 6 கோடி பவுண்டு கொடுத்து ஆர்சனல் அவரைத் திரும்ப வாங்கியது.

இதை எல்லோரும் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாலு கிளப்பில் இருந்த நிபுணர்கள் ஒரு பையனைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதில் பையன் கற்றுக்கொள்ள என்ன பாடம் இருக்கிறது?

கிளப்புகள் அவசரப்பட்டுக் கழற்றிவிடுகின்றனவா என்று கேட்டால், ஆம் என்பேன். ஆனால் அந்த அவசரம் அனுப்பும்போது தொடங்குவதில்லை, எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் எட்டு, ஒன்பது வயதிலேயே அகாடமியில், அதாவது கிளப்பின் சிறுவர் பயிற்சிக்கூடத்தில், பதிவு செய்துவிடுகிறார்கள். முதல் சில ஆண்டுகள் வருடா வருடம் தீர்ப்பு. பால்பல் முழுதாக விழாத குழந்தைக்கு ஒப்பந்தப் புதுப்பிப்பு! பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே கேப்டனான ஹாரி கேனை ஆர்சனல் அனுப்பியது அந்த வயதில்தான். அப்போது அகாடமிக்குத் தலைவராக இருந்த லியம் பிரேடி, பையன் கொஞ்சம் குண்டாக இருந்தான், தப்பு செய்துவிட்டோம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தக் குண்டுப் பையன் டாட்டன்ஹாமுக்காக 280 கோல் அடித்தான்.

பிறந்த தேதிகளைப் பாருங்கள். கேன் ஜூலை 28. எஸே ஜூன் 29. அங்கே வயதுப் பிரிவு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் ஜூலையில் பிறந்தவனும் ஒரே அணியில் ஆட வேண்டும். இருபத்தைந்து வயதில் பத்து மாத வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஒன்பது வயதில் அது தோள் உயர வித்தியாசம். அகாடமிகளில் இந்தப் பிரிவின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதும் கடைசி மாதக்காரர்கள் அரிதாக இருப்பதும் பல காலமாகத் தெரிந்த சங்கதி. அதற்கு மேல் பருவ வளர்ச்சி வேறு. பதினாலு வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரலே உடைந்திருக்காது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் பள்ளி மைதானம் ஞாபகம் வருகிறது. ஏழாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் எங்களை உயர வரிசையில் நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து பதினொரு பேரை எண்ணிப் பிரித்து "நீங்கதான் டீம்" என்றார். பந்தை யாரும் தொடக்கூட இல்லை. நான் முன்னாலிருந்து நான்காவது. கோடிக்கணக்கில் செலவழிக்கும் அகாடமிகள் விசில் ஊதும் எங்கள் வாத்தியாரைவிட ரொம்பவும் தேறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் அனுப்பியபோதும் காரணம் உயரம்தான். வாரம் 30 பவுண்டுக்கு உள்ளூர் அணியில் ஆடியவர் 2016-இல் லெஸ்டர் கிளப்போடு இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் பட்டம் வென்றார்.

கிளப்புகளுக்கு இது தெரியாமல் இல்லை. வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பிரித்து ஆடவிடும் போட்டிகளை பிரீமியர் லீக்கே நடத்திப் பார்த்திருக்கிறது. பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனித் தேசிய அணி வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் பொறுமை இல்லை? பையன்கள் மலிவு, அதுதான் காரணம். 2012-இல் வந்த புதிய அகாடமித் திட்டத்தில், இன்னொரு கிளப்பின் சிறுவனை எடுத்துக்கொள்வதற்கான இழப்பீட்டை முன்கூட்டியே நிர்ணயித்தார்கள். பதினொரு வயதுக்கு உட்பட்டவன் என்றால், பயிற்சி கொடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 பவுண்டு. இவ்வளவு சல்லிசாகக் கிடைத்தால் கூடை கூடையாக வாங்கி, அழுகியதாகத் தோன்றுவதைத் தூக்கிப்போடத்தான் செய்வார்கள்.

இதில் வெறுத்துப்போய் பிரென்ட்ஃபோர்ட் என்ற சிறிய கிளப் 2016-இல் அகாடமியையே இழுத்து மூடியது. தான் வளர்த்தவர்களைப் பெரிய கிளப்புகள் சொற்பத் தொகைக்குக் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்து அலுத்துவிட்டது. பதிலாக ஒரு 'பி' அணி, அதாவது இரண்டாம் அணி, அமைத்து, மற்றவர்கள் கழித்துவிட்ட பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்களைத் தேடிப் பிடித்தது. செல்சி சிறு வயதில் விட்டுவிட்ட கிரிஸ் மெஃபம் பிரென்ட்ஃபோர்டில் தேறி, 2019-இல் சுமார் 1.2 கோடி பவுண்டுக்கு போர்ன்மத்துக்குப் போனார். மற்றவர்களின் குப்பைத்தொட்டியைக் கிளறியே ஒரு சிறிய கிளப் பிழைக்க முடிந்தது என்றால், அங்கே எதைப் போடுகிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது நியாயம்தான். இருபது வயதுவரை ஆசை காட்டி, ஊர் ஊராக வேறு கிளப்புகளுக்கு இரவல் அனுப்பி, கடைசியில் கையை விரிப்பதும் கொடுமையே; செல்சி ஒரு காலத்தில் அப்படி நாற்பது பேரை இரவலில் வைத்திருந்தது. ஆகவே கடைசிவரை வைத்துக்கொள் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுவரை எவனையும் எடுக்காதே, தெருவிலும் பள்ளியிலும் ஆடட்டும். எடுத்தால் வளர்ந்து முடியும்வரை வைத்திரு. அனுப்பினால் அதோடு மறந்துவிடாதே. 2021-இல் கிரிஸ்டல் பேலஸ், தான் விடுவிக்கும் இளைஞர்களை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்துக்கொள்வதாக அறிவித்தது. அது செய்தியானதே வெட்கக்கேடு.

அன்று இரவு ஆட்டம் முடிந்ததும் நண்பர் ஒருவரோடு போனில் சண்டை. "ஆர்சனலே வைத்திருந்தால் இந்த எஸே கிடைத்திருப்பாரா? நாலு இடத்தில் அடிபட்டதால்தான் இப்படி வந்திருக்கிறார்" என்றார். "சரி, உங்கள் மகனையும் நாலு பள்ளியிலிருந்து துரத்தச் சொல்லலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, கவுஹாத்தி டெஸ்டில் ஸ்கோர் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.