கவுனி அரிசி கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு மாற்றாகாது

"தினமும் கவுனி அரிசியும் ஊறவைத்த வெந்தயமும் சாப்பிட்டால் 40 நாளில் கொழுப்பு கரையும், மாத்திரையை நிறுத்திவிடலாம்." காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

வெந்தயத்துக்குக் குணம் உண்டு. அதிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகிப் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். எள்ளிலும் கடலையிலும் இருக்கும் தாவர ஸ்டெரால்கள் வேறு வழியில் வேலை செய்கின்றன. உருவத்தில் கொலஸ்ட்ராலை ஒத்திருப்பதால், குடலில் அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இந்த ஸ்டெரால்களை நாளுக்கு 2 கிராம் எடுத்தால் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 8 முதல் 10 சதவீதம் குறையும். ஆனால் நம் அன்றாடச் சாப்பாட்டில் அந்த 2 கிராமில் சிறு பங்குதான் கிடைக்கும். மருத்துவர்கள் கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையோ, அளவைப் பொறுத்து, எல்டிஎல்லை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது.

கவுனியின் கருநிறத்துக்குக் காரணம் தவிட்டிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி. நல்ல பொருள்தான். ஆனால் நம் கல்யாணப் பந்தியில் வருவது சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த கவுனி. அதைத் தினம் மருந்தென்று சாப்பிட்டால் கொழுப்பு ஏறத்தான் செய்யும்.

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் தயவுசெய்து மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெந்தயத்தை நிறையச் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது ரத்தச் சர்க்கரையையும் இறக்கும்.