எலியில் வேலை செய்த மருந்து நம் நுரையீரலில் வேலை செய்யுமா?

புரட்டாசி பிறந்தால் டர்பனில் நம் வீடுகளில் கறி நின்றுவிடும், வாட்ஸப் குழுக்களில் ஜீவகாருண்யம் பொங்கத் தொடங்கும். இந்த வருடம் இங்கே சாட்ஸ்வர்த் வட்டாரக் குழு ஒன்றில் ஒரு மனு சுற்றுகிறது. மருந்து ஆராய்ச்சியில் விலங்குகளைப் பயன்படுத்துவதை அடியோடு தடை செய்ய வேண்டுமாம். "மருந்துத் துறையில இருக்கீங்க, முதல் கையெழுத்து நீங்க போடுங்கண்ணா" என்றான் ஒரு தம்பி. நான் போடவில்லை. காரணத்தைக் குரல் செய்தியில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது சுலபம், ஊசி குத்தி எடுத்தால் போதும். ஆனால் கிருமி பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. செல்களுக்கு நடுவே ஊறும் திரவத்திலும், சீழிலும், மூளையைச் சுற்றிய நீரிலும் இருக்கும். மருந்தில் ஒரு பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சியதுதான் நுண்குழாய்ச் சுவரைத் தாண்டும். எவ்வளவு தாண்டியது என்பதுதான் கேள்வி, அதை அளக்கத்தான் விலங்குகள் வருகின்றன.

1963இல் ஆர்தர் கைட்டன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் திசுத் திரவத்தின் அழுத்தத்தை அளக்க, துளை போட்ட சிறு கூடுகளை நாய்களின் தோலுக்கடியில் வைத்தார். மருந்துக்காரர்கள் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள். கன்றுக்கோ ஆட்டுக்கோ கழுத்துத் தோலுக்கடியில் துளையிட்ட சிலிக்கோன் குழாயை வைத்துத் தைத்துவிடுவார்கள், இதையும் கூடு என்றே சொல்வார்கள். சில வாரங்களில் புண் ஆறும், குழாயைச் சுற்றிப் புதுத்திசு வளரும், உள்ளே திரவம் நிரம்பும். அப்புறம் மருந்தைக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கு வைத்து ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி அளக்கலாம். ஒரு கூட்டில் கேராஜீனன் என்ற பொருளைச் செலுத்தி அழற்சி உண்டாக்கி, பக்கத்துக் கூட்டைச் சும்மா விட்டால், வீங்கிய இடத்துக்கும் வீங்காத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஆட்டில் தெரிந்துவிடும். அளக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஓர் ஆட்டை அறுக்க வேண்டாம். எனக்கு இதில் பிடித்தது அதுதான்.

ஆனால் கூடும் பொய் சொல்லும். கொள்ளளவு பெரிதாகவும் அதற்கேற்ற பரப்பு குறைவாகவும் இருந்தால், மருந்து மெதுவாக நுழையும், மெதுவாகத்தான் வெளியேறும். உச்ச அளவு தாழ்ந்து, தாமதமாக வரும். ரத்தத்தில் தீர்ந்த பிறகும் கூட்டில் மருந்து நிற்கும். அது திசுவின் குணமா, குழாயின் குணமா? ஆய்வறிக்கை படிப்பவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. அதைவிட மோசம், திசுவை அரைத்துக் கூழாக்கி அளப்பது. பெனிசிலின் வகைகள் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே நிற்கும், அசித்ரோமைசின் செல்லுக்குள் குவியும். இரண்டையும் ஒரே கூழாக்கினால் வரும் எண்ணை வைத்து எந்தக் கிருமியைப் பற்றிப் பேசுவது?

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் டிபி, அதாவது காசநோய், பக்கத்து வீட்டு நோய். சுண்டெலிகளில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் அருமையாக வேலை செய்தது. ஆறு மாத சிகிச்சையை நான்காக்கலாம் என்ற நம்பிக்கையில் நடந்த ரீமாக்ஸ் ஆய்வில் 1,931 பேர், நம் நாட்டு நோயாளிகளும் அதில் உண்டு. 2014இல் முடிவு வந்தது: நான்கு மாதம் போதவில்லை, நோய் திரும்பியவர்கள் அதிகம். காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் சுண்டெலியின் நுரையீரலில், மனிதருக்கு வருவதுபோலச் செத்த திசு தயிர்க்கட்டியாய் இறுகிய கட்டி உருவாவதில்லை. முயலுக்கு உருவாகும். முயலிலும், அறுவை செய்து எடுத்த நோயாளிகளின் நுரையீரலிலும் பார்த்தபோது, மாக்ஸிஃப்ளாக்ஸசின் கட்டியின் உயிருள்ள ஓரத்தில் நன்றாகச் சேர்ந்தது, இறுகிய நடுப்பகுதிக்குள் சரியாகப் போகவில்லை. பைராசினமைடு என்ற இன்னொரு டிபி மருந்து போனது. வழக்கமான டிபி மருந்தான ரிஃபாம்பிசினும் பல வேளை கொடுத்த பிறகு அங்கே சேர்ந்தது. அதே மாக்ஸிஃப்ளாக்ஸசினை, ரிஃபாம்பிசினின் உறவுக்கார மருந்தான ரிஃபாபென்டினோடு சேர்த்த நான்கு மாத சிகிச்சை 2021இல் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மருந்தின் மேல் பழி போட்டதாகிவிடும்.

ஆக, என் கோபம் விலங்குச் சோதனை மேல் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது, கூண்டில் அடங்குகிறது என்பதற்காகவே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுக்கிறார்களே, அதன் மேல்தான். பொருந்தாத சுண்டெலியை ஆயிரக்கணக்கில் கொல்வதைவிடப் பொருந்துகிற முயல் சிலவற்றை நன்றாகக் கவனித்து ஆராய்வது எனக்குப் பாவம் குறைந்ததாகப் படுகிறது. புரட்டாசி விரதக்காரர்கள் அடிக்க வரலாம், பரவாயில்லை.

விலங்கே வேண்டாத இடமும் உண்டு. மைக்ரோடயாலிசிஸ் என்று ஒரு முறை இருக்கிறது. மெல்லிய சவ்வு வைத்த நுண்குழாயைத் தசையிலோ தோலுக்கடியிலோ செருகினால், புரதத்தோடு ஒட்டாத மருந்து மட்டும் வடிந்து வரும். மனிதத் தன்னார்வலர்களிடமே செய்யலாம். அங்கே கன்றுக்கு என்ன வேலை?

எனவே தம்பி, மனுவை மாற்றி எழுது. மனிதரிடமே அளக்க முடிந்ததை விலங்கில் அளக்கக் கூடாது. நோய்க்கட்டியே உருவாகாத விலங்கை வைத்து மருந்து கட்டிக்குள் போகும் என்று வாதிட்டால், நெறிமுறைக் குழு அனுமதி தரக் கூடாது. இந்த இரண்டையும் போட்டு அனுப்பு, முதல் கையெழுத்து என்னுடையது.