சிவப்புப் பட்டனும் மூன்று கிலோ இருநூறும்

(கோவை, சிங்காநல்லூர் பக்கம் ஒரு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. காலை பத்து மணி. கடைக்காரருக்கு இந்தத் தொழிலில் முப்பது வருடம். பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்று மாதமாக இங்கே வேலை கற்கிறான். கற்கிறான் என்பது அவன் சொல்வது. கேட்டே கொல்கிறான் என்பது கடைக்காரர் சொல்வது. மேசை மேல் ஒரு மிக்ஸி. மூன்றாவது தடவையாக வந்திருக்கிறது.)

பையன்: இதுக்கு என்னதாங்கண்ணா நோவு?

கடைக்காரர்: ஓடும்போதே நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் விட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடுகிறதாம். முதல் தடவை கார்பன் பிரஷ் மாற்றினேன். இரண்டாவது தடவை ஜாருக்குப் புஷ் போட்டேன். இன்றைக்கு அந்தப் பட்டன் இருக்கிற ஓவர்லோடு சுவிட்சையே மாற்றிவிட வேண்டியதுதான்.

பையன்: இங்கே ஓட்டிப் பார்த்தீர்களா?

கடைக்காரர்: பத்து நிமிடம் ஓட்டினேன். கல்யாண வீட்டு நாயனம் மாதிரி மூச்சு விடாமல் ஓடுகிறது.

பையன்: 5 நிமிடம் ஓடினால் 2 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அடியில் தகட்டில் போட்டிருக்கிறதேங்கண்ணா.

கடைக்காரர்: அதையெல்லாமா படிக்கிறாய்?

பையன்: முப்பது வருடமாக நீங்கள் படித்ததே இல்லையா?

கடைக்காரர்: மிக்ஸி என்ன தினத்தந்தியா, படிப்பதற்கு?

பையன்: சரி, இங்கே ஓடுகிறது, அங்கே நிற்கிறது. ஏன்?

கடைக்காரர்: ஆரம்பித்துவிட்டான். டேய், ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் கல்லாவில் ஏனும் எதற்கும் மட்டும்தான் கிடக்கும்.

பையன்: ஜி.டி. நாயுடு அப்படி நினைத்திருந்தால்...

கடைக்காரர்: நாயுடுவை இழுக்காதே. அவர் கதை எனக்கும் தெரியும். கலங்கல் கிராமத்துப் பையன், ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோயம்புத்தூரில் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து வண்டியை வாங்கினார். அப்புறம்தான் நட்டு நட்டாகக் கழற்றினார். நன்றாகக் கவனி. வாங்கினார், அப்புறம் கழற்றினார். நீ போன வாரம் கழற்றியது போத்தனூர் அம்மாவுடைய கிரைண்டர்.

பையன்: திரும்ப மாட்டிவிட்டேனே.

கடைக்காரர்: மாட்டினாய். இப்போது அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது.

பையன்: அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லையே?

கடைக்காரர்: அவருக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரித்ததும் சொல்வார்.

பையன்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர்: கேட்டேன்.

(பையன் அந்த "கேட்டேன்" என்பதை மனதில் குறித்துக்கொள்கிறான். இப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை.)

பையன்: மைக்ரோவேவ் அடுப்பு எப்படி வந்தது தெரியுங்களாண்ணா? 1945. அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர் என்று ஒருவர், ரேடாருக்கான மேக்னட்ரான் குழாய், அதாவது மைக்ரோவேவ் அலையைக் கிளப்புகிற குழாய், செய்கிற கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடம் கூட ஒழுங்காக முடிக்காதவர். ஓடிக்கொண்டிருந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்றார், சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது.

கடைக்காரர்: சட்டை போச்சு. வீட்டில் சாத்து விழுந்திருக்கும்.

பையன்: நாமாக இருந்தால் சட்டையைத்தான் பார்ப்போம். அவர் சோளத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பொரிந்தது. அப்புறம் முட்டையை வைத்துப் பார்த்தார்கள். வெடித்தது.

கடைக்காரர்: வேலை நேரத்தில் சோளப்பொரி, முட்டை. முதலாளி ஒன்றும் கேட்கவில்லையா?

பையன்: முதலாளி அதையே அடுப்பாகச் செய்து 1947இல் விற்க ஆரம்பித்தார். ஆள் உயரம், முந்நூறு கிலோவுக்கு மேல் எடை.

கடைக்காரர்: முந்நூறு கிலோவா! ரிப்பேர் என்றால் யாரடா தூக்கிக்கொண்டு வருவது? அந்தக் காலத்து மெக்கானிக்கை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பையன்: அண்ணா, நீங்களும் கேள்வி கேட்கிற ஆள்தானே? இந்த மிக்ஸி அக்காவிடம் என்ன கேட்டீர்கள்?

கடைக்காரர்: தேவையானதை மட்டும் கேட்டேன். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை, 3 கிலோ 200. மருமகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சம்பந்தியம்மா இன்னும் வந்து பார்க்கவில்லை, கொலுசு யார் போடுவது என்பதில் ஏதோ மனத்தாங்கல். குழந்தைக்கு மூக்கு அப்பா ஜாடை.

பையன்: மிக்ஸியில் என்ன அரைத்தார்? எத்தனை மணிக்கு நின்றது?

கடைக்காரர்: அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நமக்கு என்னடா வேலை? ஒரு நாகரிகம் வேண்டாமா?

(பையன் பில் புத்தகத்தைப் புரட்டுகிறான்.)

பையன்: குழந்தை வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆச்சுங்கண்ணா?

கடைக்காரர்: இருபது நாள்.

பையன்: மிக்ஸி முதல் தடவை நம்மிடம் வந்து பதினேழு நாள்.

கடைக்காரர்: (ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கிறார்) குழந்தைக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம்? குழந்தையா இட்லிக்குச் சட்னி கேட்கிறது?

பையன்: குழந்தை எப்போது தூங்கும்? கேட்டிருப்பீர்களே.

கடைக்காரர்: கேட்காமலா? ராத்திரி முழுக்க அழுகை. விடிகாலை அஞ்சு மணிக்குத்தான் கண் அசருகிறதாம். அக்கா ஆறரைக்கு அடுப்படிக்குள் போக வேண்டும். பாவம், பூனை மாதிரி நடந்து வேலை செய்வதாகச் சொன்னார்.

பையன்: அக்கா பூனை மாதிரி நடக்கலாம். மிக்ஸி நடக்காதேங்கண்ணா. நிமிடத்துக்கு 18,000 சுற்று. தெருவே எழுந்துவிடும். சத்தத்துக்கு அக்கா ஏதாவது வழி பண்ணியிருப்பார்.

(மிக்ஸியைக் கவிழ்க்கிறான். நாலு ரப்பர் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான்.)

பையன்: இங்கே பாருங்கள். பச்சை நூல்.

(கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார். பார்த்துக்கொண்டே போனை எடுக்கிறார்.)

கடைக்காரர்: அக்கா, நான்தான் மிக்ஸிக் கடை... குட்டி எப்படி இருக்கிறாள்? ... ஓ, சம்பந்தியம்மா வந்துவிட்டார்களா! கொலுசு? ... வெள்ளிதானா ... சரி விடுங்கள். அக்கா, ஒரு சின்ன விஷயம். மிக்ஸிக்குக் கீழே ஏதாவது விரிக்கிறீர்களா? ... டர்க்கித் துண்டா? ... நாலாக மடித்தா? ... காலையில் மட்டும்தானா? ... சாயங்காலம் துண்டில்லாமல் அரைத்தால் நிற்பதில்லையா? ... இல்லைக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று ... ஆமாம், நான் கேட்கவில்லை, சரிதான்.

(போனை வைக்கிறார்.)

கடைக்காரர்: கண்டுபிடித்துவிட்டேன் பார்த்தாயா! மோட்டார் சூட்டை வெளியே தள்ளத்தான் உள்ளே ஃபேன் சுற்றுகிறது. காற்று போய்வர அடியில் துளை. ரப்பர் கால் வைத்ததே மேடைக்கும் துளைக்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும் என்றுதான். மெத்து மெத்தென்று துண்டைப் போட்டால் கால் உள்ளே புதைந்து துளை மூடிக்கொள்ளும். சூடு ஏறும். ஓவர்லோடு சுவிட்ச் கட் பண்ணிவிடும். முப்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

பையன்: அப்போது சுவிட்சில் கோளாறு இல்லைங்களாண்ணா?

கடைக்காரர்: அந்த மிக்ஸி விஷயத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான். இல்லையென்றால் மோட்டார் காயில் கருகியிருக்கும்.

பையன்: இதற்கு என்ன பில் போடுவது?

கடைக்காரர்: துண்டை எடுங்கள் என்று சொன்னதற்கு எப்படிக் காசு கேட்பது? சும்மா கொடுத்துவிடு. பெண் குழந்தை பிறந்த வீடு.

(பையன் மிக்ஸியைத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைக்கிறான். பில் புத்தகத்தை மூடப் போனவன், மூடாமல் நிற்கிறான்.)

பையன்: ஒரே ஒரு சந்தேகம்.

கடைக்காரர்: என்ன?

பையன்: கோளாறு துண்டில்தான் என்றால், கார்பன் பிரஷ்ஷுக்கும் புஷ்ஷுக்கும் முன்னாடி வாங்கிய காசு...

கடைக்காரர்: டேய், போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வா. அப்படியே உனக்கு மெதுவடை வாங்கிக்கொள்.

பையன்: ஏனுங்கண்ணா, இன்றைக்கு மட்டும் வடை?

கடைக்காரர்: அதையாவது கேட்காமல் தின்னுடா!